வெயிலும் சேம அச்சும்

சில மாதங்களாக நான் வாசித்ததில் பெரும்பகுதி இலக்கியம் அன்று. வாட், ஆம்பியர், வோல்ட், சாய்கோணம், மின்கலத்தின் ஆயுள் என்று போகும் கையேடுகளும் விலைப்பட்டியல்களும்தான். தமிழிலக்கியத்தில் முதுகலை படித்து, சுயநிதிக் கல்லூரி ஒன்றில் எட்டுத்தொகையும் யாப்பருங்கலக்காரிகையும் நடத்திக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு இது சற்று விசித்திரமான பாடத்திட்டம். ஆனால் உள்ளே நுழைந்தபின் அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை. அசை பிரித்துச் சீராக்கி, சீரை அடியாக்கி, அடியின் அளவு மீறாமல் பொருளைச் சொல்லி முடிப்பது யாப்பு. அறுபதாயிரம் ரூபாய் என்னும் அளவு மீறாமல் ஒரு வீட்டின் இரவைச் சொல்லி முடிப்பது நான் செய்துகொண்டிருக்கும் வேலை.

அறுபதாயிரம் என்பது ஒரு சீட்டு முடிந்து கைக்கு வந்த பணம். சுயநிதிக் கல்லூரி விரிவுரையாளரின் சம்பளம் பற்றி இந்தப் பக்கத்தை வாசிக்கும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொகைக்குள் ஒரு சூரிய மின்தகடு, ஒரு மின்கலம், ஓர் இன்வெர்ட்டர் ஆகியவற்றை அமைக்க முடியுமா, அமைத்தால் அது எங்கள் ஊரின் உப்புக் காற்றையும் புயலையும் தாங்குமா என்பதே கேள்வி.

எங்கள் ஊர் மரக்காணத்தை அடுத்தது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாடும் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டுப் பகுதி இது. அந்த நூலில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகப் போன உமணர்களும் அந்நூலில் வருகிறார்கள். இன்று வண்டிகள் லாரிகளாகிவிட்டன. உப்பளங்கள் அப்படியே இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கண் கூசப் பார்த்துக் கடக்கும் வெண்பாத்திகள்தாம் அவை. ஒரு பக்கம் கடல், நடுவே பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி, மேற்கே 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரி. 1877-78 பஞ்சத்தின்போது வேலையற்ற மக்களைக் கொண்டு நீட்டி வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநரின் பெயரைப் பெற்ற கால்வாய் அது.

சூரிய மின்சாரம் என்றவுடன் அதை ஏதோ புதுமை போல் பேசுகிறோம். உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படித் தோன்றுவதில்லை. உப்பளம் முழுவதுமே ஒரு சூரியக் கருவிதான். கடல்நீரின் அடர்த்தி பாமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். அதைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு நகர்த்தி, வெயிலில் நிறுத்தி, இருபத்தைந்து டிகிரிக்குச் சற்று மேலே கொண்டுவந்தால் உப்பு படியத் தொடங்கும். இருபத்தொன்பது, முப்பது டிகிரியைத் தாண்டவிட்டால் கசப்பான மக்னீசிய உப்புகள் சேரும்; அதற்குள் நீரை வடித்துவிட வேண்டும். இந்தக் கணக்கு முழுவதும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு உள்ளங்காலில் இருக்கிறது. பாத்தியில் இறங்கி நின்றால் போதும், நீர் எத்தனை டிகிரி என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவார்.

ஆனால் என் கணக்கு வெயில் காலத்தில் தொடங்கியதன்று. அது மழையில் தொடங்கியது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஏறிய புயல் வழக்கம்போல உள்ளே போய் வலுவிழக்காமல், பல மணி நேரம் அங்கேயே நின்று பெய்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விழுப்புரம் மாவட்டம் முழுக்க நீர்க்காடு. உப்பளங்கள் எது, கழுவேலி எது, கடல் எது என்று பிரித்தறிய முடியாத ஒரே சாம்பல் பரப்பு. எங்கள் தெருவில் மூன்று இரவுகள் மின்சாரம் இல்லை. அத்தகைய வெள்ளத்தில் மின்சாரத்தை நிறுத்திவைப்பதே சரி. அதைக் குறை சொல்லவில்லை.

என் தாயாருக்கு எழுபத்து மூன்று வயது. நெடுநாள் ஆஸ்துமா. ஈரக்காற்று வந்தால் மூச்சு இழுக்கும். நெபுலைசர் என்னும் சிறு எந்திரம் மருந்தைப் புகையாக்கி மூக்குக்கும் வாய்க்கும் அனுப்பும். பத்து நிமிடத்தில் நெஞ்சு இளகும். அதற்கு 150 வாட் மின்சாரம் வேண்டும். இரண்டாம் இரவு அந்த எந்திரத்தை ஒரு பாலித்தீன் பையில் சுற்றி என் மனைவி தலையில் வைத்துக்கொள்ள, நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் நீரில் நான்கு வீடுகள் தாண்டி, ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு மீனவர் வீட்டுக்குப் போனோம். அவர்கள் கேள்வி கேட்காமல் திண்ணையில் இடம் கொடுத்து, ஒயரை இழுத்துக் கொடுத்தார்கள். பத்து நிமிடம், கணக்கில் இருபத்தைந்து வாட் மணி. ஒரு யூனிட் மின்சாரத்தில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த அற்ப அளவுக்காக ஒரு தெருவையே நீந்த வேண்டியிருந்தது.

அதன் பிறகுதான் சூரிய மின்சாரம் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்தவுடன் எல்லோரும் சொன்னது அரசு மானியத்தை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் ரூ.78,000 என்று மானியம் அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம். குளிர்சாதனமும் தண்ணீர் மோட்டாரும் ஓடும் வீடுகளுக்கு அது பணத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அந்த முறையில் கூரையின் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியோடு இணைந்தது. கம்பியில் மின்சாரம் நின்றால், மின்கலம் இல்லாத அத்தகைய இன்வெர்ட்டரும் உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும், நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கம்பம் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிருக்கு நம் கூரை எமனாகும். ஆகவே கூரைமேல் நல்ல வெயில் காய்ந்தாலும், கம்பியில் மின்சாரம் இல்லாத நேரத்தில் வீட்டில் விளக்கு எரியாது. இதைப் பலர் கருவி வாங்கிய பிறகே அறிகிறார்கள்.

இன்னொன்று. 2016 மே மாதம் தமிழக அரசு வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆணையிட்டது. என் வீட்டைப் போன்ற சிறு வீட்டில் மின்கட்டணம் அதன்பின் சில நூறு ரூபாயைத் தாண்டியதில்லை. அதைக் குறைக்க அறுபதாயிரம் செலவழிப்பது, ஊறுகாய்க்கு உப்பு வேண்டுமென்று உப்பளத்தைக் குத்தகைக்கு எடுப்பது போன்றது. ஆக, பணத்தை மீட்கும் கணக்கு எனக்கு உதவாது. எனக்கு வேண்டியது மின்சாரம் இல்லாத இரவுக்கு மின்சாரம். அதற்குத் தகட்டைவிட மின்கலமே முக்கியம்.

இதை உணர்ந்ததும் நான் செய்த முதல் காரியம் ஒரு பட்டியல் எழுதியது. எந்தெந்தப் பொருள், எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று. இந்தத் துறையில் எல்லாத் திட்டமும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறார்கள். கடைக்காரர்கள் பெரும்பாலும் மறுமுனையிலிருந்து தொடங்குகிறார்கள்: ‘சார், ஒரு கிலோவாட் போட்டுக்குங்க.’

நான்கு எல்.இ.டி. விளக்குகள், ஒன்பது வாட் வீதம், ஐந்து மணி நேரம்: 180 வாட் மணி. இரண்டு மின்விசிறிகள், ஒன்பது மணி நேரம்: சாதாரண விசிறி ஒன்றுக்கு 75 வாட் என்றால் 1,350 வாட் மணி. நெபுலைசர் நாளுக்கு மூன்று முறை: 75. இணைய மோடம் ஆறு மணி நேரம்: 60. மடிக்கணினி இரண்டு மணி நேரம்: 80. எங்கள் மூன்று கைப்பேசிகள்: 45. பட்டியலைப் பார்த்த எலக்ட்ரீஷியன் தம்பி கேட்டார்: “ஃப்ரிட்ஜயும் சேத்துக்கலாமே சார்?” சேர்க்கவில்லை. குளிர்பெட்டி ஒன்றே நாளுக்கு ஒரு யூனிட்டை விழுங்கிவிடும்.

பட்டியலின் பெரும்பசி மின்விசிறிக்கு. பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மோட்டார் கொண்ட விசிறி 30 வாட்டிலேயே அதே காற்றைத் தருகிறது. இரண்டையும் மாற்றினால் 1,350 என்பது 540 ஆகிவிடும். நாளுக்கு 810 வாட் மணி மிச்சம். இரண்டு விசிறிகளுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய். அந்த 810 வாட் மணியைச் சேமித்து வைக்க மின்கலம் வாங்கினால் அதைப்போல இருமடங்குக்கு மேல் ஆகும். குறைந்த செலவில் சூரிய மின்சாரம் அமைக்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது தகட்டை அன்று, விசிறியை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

பட்டியலின் கடைசி வரியை எழுதும்போதுதான் என் மனைவி குறுக்கிட்டாள். “பக்கத்துல இருக்கவங்க போனு?” என்றாள். அன்று மீனவர் வீட்டுத் திண்ணையில், அந்த ஒரு ஜெனரேட்டரைச் சுற்றி எத்தனை கைப்பேசிகள் கிடந்தன என்பதை நினைவூட்டினாள். வெள்ள நாளில் கைப்பேசி என்பது வெளியூரில் வேலை செய்யும் மகனுக்கு ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று சொல்லும் கருவி. பத்துக் கைப்பேசிகள், ஒன்றுக்கு 15 வாட் மணி: 150. அதையும் எழுதிக் கூட்டினேன். 1,130. இன்வெர்ட்டரில் வீணாகும் பங்கையும் சேர்த்தால் 1,330. ஒரு நாளுக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று அதிகம்.

மின்சாரப் பட்டியல் என்பது யாருடைய தேவை கணக்கில் வரும், யாருடையது வராது என்று தீர்மானிக்கும் ஏடு என்பதை அந்த 150 எனக்குச் சொன்னது. குளிர்பெட்டியை நீக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனால் அந்த வரியை என் மனைவி சொல்லும்வரை நான் எழுதவுமில்லை.

இனித் தகடு. எங்கள் பகுதியில் முழு வெயிலுக்குச் சமமான நேரம் நாளுக்குச் சராசரியாக ஐந்து மணி என்று கொள்ளலாம். 550 வாட் தகடு ஒன்று, தூசு, வெப்பம், கம்பி இழப்பு எல்லாம் போக, நல்ல நாளில் 1,900 வாட் மணி தரும். மழைக்காலத்தில் அது பாதியாகும். புயல் மேகத்தின் கீழ் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைத்தால் உண்டு. தகடு தெற்கு நோக்கி இருக்க வேண்டும். சாய்வு அந்த ஊரின் அட்சரேகை அளவு என்பது பொதுவிதி. எங்களுக்குப் பன்னிரண்டு டிகிரி. ஒரு சாய்வு நாற்காலிக்குக்கூடப் போதாத சாய்வு. தகடு ஏறக்குறையப் படுத்துக்கிடக்கும். பின்னால் சொல்லப்போகும் காரணத்தால் அது எங்களுக்கு நல்லதே.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்து காட்டப்பட்ட முதல் சிலிக்கன் மின்தகடு, தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் தகடு இருபதைத் தாண்டுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றின்மீதான சரக்கு சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததும் என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது.

தகட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வெயில் கூடினால் மின்சாரம் கூடும்தானே என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “அதுக்குக் காத்து வேணாமா வாத்தியாரே? வெயிலு மட்டும் காஞ்சா உப்பு வெளையாது. காத்து அடிக்கணும். காத்துதான் தண்ணியக் கொண்டுபோவும்.” எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனெனில் தகட்டுக்கும் காற்று வேண்டும். தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். மே மாத நண்பகலில் தகடு 65 டிகிரி வரை சூடேறும். பதினான்கு சதவீதம் போய்விடும். தளத்துக்கும் தகட்டுக்கும் இடையே காற்றுப் புக இடைவெளி விட்டால் சூடு தணியும். உப்புக்கும் மின்சாரத்துக்கும் வெயிலைப் பற்றி ஒரே விதிதான் என்பதைக் கையேடு ஒன்றும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் அதே காற்றுதான் பகையும். எங்கள் ஊரில் சன்னல் கம்பி நான்கு வருடத்தில் அப்பளமாக உதிரும். உப்பு படிந்த ஈரத்தில் இரும்பு மட்டுமல்ல, இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தொடுமிடமே அரிக்கும். அலுமினியச் சட்டத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகை நேரே முடுக்கினால் அலுமினியம் தேயும். நடுவே ரப்பர் அல்லது நைலான் வளையம் வைக்க வேண்டும். தாங்குசட்டம் வெறும் வண்ணம் பூசியதாக இல்லாமல், உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருக்க வேண்டும். தகடு வாங்கும்போது ஐ.ஈ.சி. 61701 என்னும் உப்புப்பனிச் சோதனையில் தேறியதா என்று கேட்க வேண்டும். கழுவுவதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. எங்கள் நிலத்தடி நீரே உவர். காய்ந்தால் வெண்படலம். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதில்தான் கழுவ வேண்டும்.

புயல் காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னை, புதுச்சேரிக் கடற்கரைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் காற்று ஒரு சதுர மீட்டரில் 1,500 நியூட்டன் அழுத்தம் தரும். 550 வாட் தகட்டின் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆக, இருபத்தெட்டுக் கிலோ எடையுள்ள தகட்டை ஏறத்தாழ 390 கிலோ விசை பிடுங்கப் பார்க்கும். தகடுகளைப் பொதுவாக 2,400 நியூட்டன் அழுத்தத்தில் சோதித்தே விற்கிறார்கள், தகடு உடையாது. பறப்பது சட்டத்தின் குறையால்தான். 2011 தானே புயலையும் 2020 நிவர் புயலையும் பார்த்த ஊருக்கு இது ஏட்டுக் கணக்கன்று. ஆகவே சட்டம் குட்டையாக, சாய்வு குறைவாக, நான்கு கால்களும் காங்கிரீட் கட்டைகளில் புதைந்து நிற்க வேண்டும். அதோடு இன்னொரு முடிவும் எடுத்தேன். நான்கு திருகுகளைக் கழற்றினால் தகடு தனியே வந்துவிடும்படி செய்யச் சொன்னேன். புயல் எச்சரிக்கை கூடினால் இருவராகத் தூக்கி அறைக்குள் கிடத்திவிடலாம். எலக்ட்ரீஷியன் தம்பி சிரித்தார். மழை இருட்டுமுன் உப்புக் குவியலை மூட ஓடுகிறவர்களின் ஊரில் இது சிரிப்புக்குரிய யோசனை அன்று.

இனி மின்கலம். இங்கேதான் அறுபதாயிரம் இழுபறிப்பட்டது. ஈய அமில மின்கலம் 1859இல் பிரெஞ்சுக்காரர் பிளான்டே கண்டது. இன்றுவரை நம் வீட்டு இன்வெர்ட்டர்களின் அடியில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. 150 ஆம்பியர் மணிக் குழாய்த்தகட்டு மின்கலத்துக்கு என்னிடம் சொல்லப்பட்ட விலை ரூ.15,000. அதில் 1,800 வாட் மணி இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். கைக்குக் கிட்டுவது 900. இன்னொரு பக்கம் லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃப் என்ற முதியவரும் அவரோடு அக்ஷய பாதி என்ற இந்திய ஆய்வாளரும் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. லித்தியம் மின்கல ஆய்வுகளுக்காக குடினஃபுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. நூறு ஆம்பியர் மணி அளவுள்ள அந்தவகை மின்கலத்துக்கு ரூ.24,000 சொன்னார்கள். 1,280 வாட் மணி. தொண்ணூறு சதவீதம் எடுக்கலாம். 1,150 கைக்கு வரும். ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டிய ஈயத்துக்கு ஆண்டுக்கு மூவாயிரம். பத்து ஆண்டு உழைக்கும் லித்தியத்துக்கு இரண்டாயிரத்து நானூறு. நீண்ட கணக்கில் லித்தியம் மலிவு. ஆனால் ஏழைக்கு நீண்ட கணக்கு போடத் தெரியாமல் இல்லை. இன்றைக்குக் கையில் ஒன்பதாயிரம் கூடுதலாக இல்லை, அவ்வளவுதான். மலிவானதை வாங்கும் வசதி அவனுக்கு வாய்ப்பதில்லை.

என் முடிவை அம்மாவின் நெஞ்சு தீர்மானித்தது. ஈய அமிலக் கலம் மின்னேறும்போது ஹைட்ரஜனும் அமில நெடியும் வரும். அதைக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் காற்றோட்டமான ஒரே இடம் அம்மா படுக்கும் முன்கூடம். ஆகவே லித்தியம். “எனக்காக இவ்ளோ செலவு பண்ணாதப்பா, விசிறி இருக்குதுல்ல” என்று அம்மா பனையோலை விசிறியைக் காட்டினார். அதே விசிறியால்தான் அந்த மூன்று இரவுகளும் அவருக்கு நாங்கள் மாறிமாறி விசிறினோம்.

புயல் நாளுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். விசிறி, கணினி, மோடம் மூன்றையும் நீக்கிவிட்டால் விளக்கு, நெபுலைசர், எங்கள் கைப்பேசி, அயலார் கைப்பேசி ஆகியவை மட்டும். இழப்போடு சேர்த்து நாளுக்கு 530 வாட் மணி. நிறைந்த மின்கலம் வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மேகத்தினூடே சொட்டும் வெளிச்சம் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. 550 வாட் தகடு நாற்பது வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் தரும். பி.டபிள்யூ.எம். என்னும் மலிவான கட்டுப்படுத்தி அதைப் பன்னிரண்டு வோல்ட் மின்கலத்தின் மட்டத்துக்கு இழுத்துவிடும்; தகட்டின் திறனில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். எம்.பி.பி.டி. என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். லித்தியத்துக்குரிய மின்னேற்ற அமைப்பும் அதில் இருக்க வேண்டும். கடைகளில் இந்த இரண்டையும் கேட்டபோதுதான் சிலர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

புறநானூற்றில் ஔவையார் பாடிய ஒரு பாட்டு, வரிசையெண் 102, வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துவது. உப்பு வண்டி மேடு பள்ளமெல்லாம் ஏறியிறங்கிப் போக வேண்டும். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று உமணர்கள் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டி எடுத்துச் செல்வார்கள். சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவை அதனோடு ஒப்பிடுகிறார். பல வருடங்களாக அதை உவமை நயத்துக்காகவே நடத்தி வந்தேன். இப்போது அந்த அச்சின் விலை என்ன, அதை எல்லா உமணரும் வாங்க முடிந்ததா என்றும் யோசிக்கிறேன். ஒற்றை அச்சோடு கிளம்பியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களைப் பாட யாருமில்லை.

உப்பளத்திலும் அதுதான். ஜனவரிக்குப் பின் தொடங்கிச் செப்டம்பர் வாக்கில் முடியும் விளைச்சலைக் குவித்து, மூடி, மழைக்காலத்தில் விலை ஏறும்போது விற்பவருக்கு லாபம். அந்தக் குவியல் ஒருவகையில் உப்பளத்தின் மின்கலம். வெயிலைச் சேர்த்து வைத்த இடம். ஆனால் குவியல் பாத்தியில் நின்றவருடையது அன்று. அவருக்கு அன்றாடக் கூலி. மழை வந்தால் கூலியும் இல்லை. 2022 முதல் தமிழக அரசு மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 வழங்கத் தொடங்கியது, அந்த வெற்று மாதங்களை உணர்ந்துதான். வெயில் எல்லோர் தலையிலும் ஒன்றுபோல விழுகிறது. சேர்த்து வைக்க முடிந்தவருக்கே அது இரவிலும் உதவுகிறது.

குஜராத்தின் சிறிய ரண் பாலையில் உப்பு விளைக்கும் அகரியாக்கள் நிலத்தடி உவர்நீரை டீசல் எஞ்சினால் இறைத்து வந்தார்கள். வருமானத்தின் பெரும்பங்கு டீசலுக்கே போய்க்கொண்டிருந்தது. 2010களில் சேவா என்னும் பெண் தொழிலாளர் அமைப்பின் உதவியோடும், பின்னர் அரசு மானியத்தோடும் சூரியப் பம்புகள் அங்கே பரவின. தகட்டுக்கான கடனைச் சங்கமாகச் சேர்ந்து வாங்கியதே அதற்கு வழி திறந்தது. தமிழ்நாட்டில் 2011-12இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டமும் முந்நூறு சதுர அடி வீட்டோடு ஐந்து சூரிய விளக்குகளைச் சேர்த்தே கட்டிக்கொடுத்தது. தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். மின்கலம் ஐந்தாறு ஆண்டு. முதல் மின்கலத்தை யார் கொடுத்தாலும், இரண்டாவது மின்கலத்துக்கான பணம் யாரிடமிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் உள்ள இடத்தில்தான் விளக்கு தொடர்ந்து எரியும். ஆகவே மாதம் இருநூறு ரூபாயை இப்போதே ஒரு தனி அஞ்சலகக் கணக்கில் போடத் தொடங்கியிருக்கிறேன். அது என் சேம அச்சின் சேம அச்சு.

முடிவில் தொகை இப்படி நிற்கிறது. தகடு ரூ.15,000, மின்கலம் ரூ.24,000; இன்வெர்ட்டர் ரூ.9,000; விசிறிகள் ரூ.6,000, சட்டமும் திருகும் ரூ.5,000, கம்பி, ஃபியூஸ், நில இணைப்பு ரூ.4,500. ஆக ரூ.63,500. சீட்டுப் பணத்தைவிட மூவாயிரத்து ஐந்நூறு கூடுதல். மனைவி அதைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் பண்டிகைத் துணியைக் கணக்கிலிருந்து எடுத்தாள். மழைக்கு முன், செப்டம்பருக்குள் கம்பி இழுத்து முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இன்னும் தீராதது ஒன்றே. அயலாரின் கைப்பேசிகளுக்கான பிளக்குப் பலகையை எங்கே வைப்பது? வீட்டுக்குள் வைத்தால் வெள்ள இரவில் கதவைத் தட்டிக் கேட்க வேண்டியிருக்கும். கேட்பது சிலருக்குக் கூச்சம். திண்ணையில், சாரல் படாத சுவரில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் வைக்கலாம் என்று எலக்ட்ரீஷியன் தம்பி சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்துவிட்டுப் போனார். ஃபெஞ்சல் வெள்ளத்தின் கறை அந்தச் சுவரில் இரண்டடியில் இன்னும் இருக்கிறது. பெரியவர் அந்தக் கறையையும் கட்டத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு சாண் மேல வையி வாத்தியாரே” என்றார். ஒரு சாண் மேலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.